மலைச்சரிவுப் போர்டுகளில் லினக்ஸ் கெர்னல் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைமானி, மண்சரிவு அளவி, கொழுந்து வாட்டும் தொட்டியின் வெப்பமானி என்று மலையகத்தில் சிறிய லினக்ஸ் போர்டுகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுப் போர்டு பீகிள்போன் பிளாக்: ஏஎம்3358 புரொசசர், 1 கிகாஹேர்ட்ஸ் கோர்டெக்ஸ்-ஏ8, 512 எம்பி ரேம். வேறு ஏஆர்எம் போர்டுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கில வடிவில் தட்டுங்கள்.

கெர்னலப் பராமரிக்கிறதுன்னா என்ன? ஒருக்கா போட்டா ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்?

கெர்னல் (வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் லினக்ஸின் மையப்பகுதி) ஓடும். ஆனால் சுற்றியிருப்பவை மாறும். பழைய டொங்கிள் (யூஎஸ்பி மொடம்) கெட்டுப் புதியது வரும், அதைக் கெர்னலுக்குத் தெரியாது. நெட்வேர்க்கில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும். போர்டின் அடுத்த தொகுதியில் ஈஎம்எம்சி (சேமிப்பு) சிப் வேறு கம்பனியுடையதாக இருக்கும். இவற்றுக்கு ஈடுகொடுக்கும் வேலைதான் பராமரிப்பு: ஒரு பதிப்பைத் தெரிந்தெடுப்பது, அதற்கு வரும் திருத்தங்களை ஒழுங்காக எடுப்பது, நம் சொந்த மாற்றங்களைக் குறைவாக வைத்திருப்பது, பழுதானால் பழையதற்குத் திரும்ப வழி வைப்பது.

இந்தக் கடைசி இரண்டும் நம் ஊருக்கு மிக முக்கியம். கொழும்பில் மேசைமேல் இருக்கும் போர்டு எழும்பாவிட்டால் பட்டனை அழுத்தினால் போதும். மலை உச்சியில் இருக்கும் போர்டுக்கு லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) ஒருவர் அரைநாள் ஏறிப் போக வேண்டும், அதுவும் மழையில். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஆளை ஏறவைக்காமல் இருப்பதற்கான வழிகளே.

எந்தப் பதிப்ப எடுக்கிறது? புதுசா, பழசா?

நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளில் ஒன்றை எடுங்கள்: 6.1 (டிசம்பர் 2022), 6.6 (ஒக்டோபர் 2023), 6.12 (நவம்பர் 2024) போன்றவை. ஒன்பது பத்து வாரத்துக்கொரு முறை வரும் சாதாரணப் பதிப்புகளுக்கு அடுத்தது வந்த கொஞ்ச நாளிலேயே திருத்தம் நின்றுவிடும். களத்துப் போர்டுக்கு அது ஆகாது.

பத்து ஆண்டு ஓட வேண்டிய கருவி என்றால் சிஐபி திட்டம் (தொழில்துறைக் கருவிகளுக்காகக் கெர்னலை மிக நீண்டகாலம் பராமரிக்கும் கூட்டுமுயற்சி) தேர்ந்தெடுத்துள்ள 5.10, 6.1 போன்றவற்றைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் ஒன்று, அடுத்த தோட்டத்தில் இன்னொன்று என்று வைக்க வேண்டாம். எல்லாப் போர்டிலும் ஒரே பதிப்பு, ஒரே கொன்ஃபிக் (கெர்னலில் எதெதைக் கட்டுவது என்ற பட்டியல்) இருந்தால்தான் ஓரிடத்தில் கண்ட பிழையை மற்ற இடத்திலும் முன்கூட்டியே அடைக்கலாம்.

போர்டு கம்பனி குடுத்த கெர்னலே இருக்கே, அதையே வச்சுக்கிட்டா என்ன?

முதல் நாள் எல்லாம் வேலை செய்யும் என்பது அதன் நன்மை. ஆனால் கம்பனிக் கெர்னலில் மெயின்லைனில் (எல்லோருக்கும் பொதுவான மூலக் கெர்னலில்) இல்லாத மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவர்கள் அடுத்த சிப்புக்குப் போனதும் அவற்றைப் பராமரிக்க ஆளிருக்காது. அந்தச் சுமை உங்கள் தலையில் விழும்.

ஏஎம்335எக்ஸ் சிப்புக்கு மெயின்லைன் ஆதரவு நன்றாகவே இருக்கிறது. சீரியல், ஐ2சி (சென்சர் இணைக்கும் இருகம்பி வழி), ஜிபிஐஓ (பொதுப் பயன் முள்கள்), ஈதர்நெட், ஈஎம்எம்சி, யூஎஸ்பி, வோட்ச்டோக் (உறைந்தால் ரீபூட் செய்யும் டைமர்) எல்லாம் அதிலேயே உண்டு. அளவி வேலைக்கு இதற்குமேல் தேவையில்லை. புதிய போர்டு வாங்கும்போது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, மெயின்லைன் கெர்னலில் எழும்புமா என்பதுதான்.

இங்க சிக்னல் சரியில்ல சேர். கிட் குளோன் பாதியில அறுந்து போகுது, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது. என்ன செய்யலாம்?

கிட் குளோன் (கெர்னல் மூலத்தையும் அதன் வரலாற்றையும் இறக்கும் கட்டளை) இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. திருத்தமும் கம்பைலும் மட்டும் போதுமென்றால் கெர்னல் மூலத்தைச் சுருக்கிய தார் கோப்பாகவே (எல்லாம் ஒன்றாகக் கட்டிய கோப்பு) இறக்குங்கள். சுமார் 140 எம்பிதான். டபிள்யூகெட் கட்டளைக்குச் சின்ன சி கொடியைக் கொடுத்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். பிறகு சிறு திருத்தக் கோப்புகளை (பேட்ச்) மட்டும் எடுத்தால் போதும். ஒன்றைக் கவனிக்கவும்: 6.6.30 என்ற பெயருள்ள பேட்ச் கோப்பு 6.6 மேல் ஒட்டுவது, 6.6.29 மேல் அல்ல. ஒவ்வொரு படியாக ஏற வேண்டுமானால் அதே தளத்தில் இன்கர் என்ற அடைவில் உள்ள 29-30 போன்ற கோப்புகளை எடுக்கவும். இதை மாற்றி ஒட்டிவிட்டு ‘ரிவேர்ஸ்ட் பேட்ச்’ என்று திட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர்.

வரலாறு முழுவதும் வேண்டுமென்றால் (பிழை எந்த மாற்றத்தில் வந்தது என்று தேடும் பைசெக்டுக்கு அது வேண்டும்) கெர்னல் தளம் தரும் குளோன் பண்டல் கோப்பை நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அதிலிருந்து குளோன் செய்து, ரிமோட் முகவரியை மாற்றி, மிச்சத்தை மட்டும் ஃபெட்ச் செய்யலாம்.

போர்டுலயே கம்பைல் பண்ணலாமா?

512 எம்பி ரேமில் வேண்டாம். டெபியன் அல்லது உபுண்டு லப்டொப்பில் ஏஆர்எம் ஹார்ட்ஃபுளோட் ஜிசிசி, பைசன், ஃபிளெக்ஸ், பிசி, ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்க் மதிப்பு ஏஆர்எம், கிரோஸ் கம்பைல் மதிப்பு கம்பைலரின் முன்னொட்டு. ஓமாப்2பிளஸ் டெஃப்கொன்ஃபிக்கில் தொடங்கி, வேண்டாததை மெனுகொன்ஃபிக்கில் நீக்கி, சேவ்டெஃப்கொன்ஃபிக் தரும் சின்னக் கோப்பை மட்டும் உங்கள் கிட்டில் வையுங்கள். முழு டொட்கொன்ஃபிக்கை வைத்தால் அடுத்த பதிப்பில் எது நீங்கள் மாற்றியது, எது தானாக வந்தது என்று தெரியாது.

மொடியூல்களை (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டுகளை) நிறுவும்போது இன்ஸ்டோல் மொட் ஸ்டிரிப் மதிப்பை 1 ஆக வையுங்கள். பிழைதேடும் தகவல்கள் கழன்று அளவு பல மடங்கு குறையும்.

‘இன்வலிட் மொடியூல் ஃபோர்மெட்’னு வருது. அதே பதிப்புதானே போட்டேன்?

யூநேம் ஆர் காட்டும் பெயரையும், மொட்இன்ஃபோ காட்டும் வெர்மேஜிக் வரியையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெரும்பாலும் கடைசியில் ஒரு கூட்டல் குறி வித்தியாசமாக இருக்கும். கிட் மரத்தில் பதிப்பைக் குறிக்கும் டேகுக்குமேல் உங்கள் கொமிட் (பதிந்த மாற்றம்) இருந்தால் கெர்னல் தானாக அந்தக் குறியைச் சேர்க்கும். மேக் கட்டளையில் லோக்கல்வேர்ஷன் மதிப்பை வெறுமையாகக் கொடுத்தால் சேராது. அதைவிட நல்லது, உங்கள் பெயரொட்டு ஒன்றை நிரந்தரமாக வைத்து, இசட்இமேஜ் (கெர்னல் கோப்பு), டிடிபி (வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் டிரீ கோப்பு), மொடியூல் மூன்றையும் எப்போதும் ஒரே கம்பைலிலிருந்து ஒன்றாகவே அனுப்புவது.

கரண்டு போய் வந்தா சில நேரம் போர்டு எழும்ப மாட்டேங்குது அண்ணே. கெர்னல்ல பிழையா?

சீரியல் கேபிளை மாட்டாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜே1 என்ற ஆறு முள் தலைப்பில் 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளை மாட்டி (5 வோல்ட் கேபிள் போர்டைக் கெடுக்கலாம்) 115200 வேகத்தில் திறந்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். எந்த வரியில் நிற்கிறது என்பதே பதில்.

ஓர் எழுத்தும் வரவில்லை என்றால் கெர்னலுக்கு இன்னும் முறையே வரவில்லை. பி8 தலைப்பின் 31 முதல் 46 வரையான முள்களில் பல, மின்சாரம் வரும் கணத்தில் எங்கிருந்து பூட் செய்வது என்பதைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் மாட்டிய சென்சர் போர்டுக்கு முன்பே உயிர்பெற்று ஒரு முள்ளை இழுத்துப் பிடித்தால் போர்டு வேறெங்கோ பூட்டைத் தேடிக்கொண்டிருக்கும். சென்சரை வேறு முள்ளுக்கு மாற்றுங்கள். யூபூட் (கெர்னலை ஏற்றும் முன்நிரல்) பிரொம்ப்டில் நிற்கிறது என்றால், சீரியல் முள்ளில் விட்டுவைத்த நீளக் கம்பி இடிமின்னல் இரைச்சலை எழுத்தாக உள்ளே கொண்டுவந்து, யாரோ விசையை அழுத்தியதாக யூபூட்டை நினைக்கவைத்திருக்கிறது. கம்பியைக் கழற்றுங்கள், களத்துப் போர்டில் ‘பூட் டிலே’ (பூட் தாமதம்) மதிப்பை -2 ஆக வைத்தால் யூபூட் விசையை எதிர்பார்க்கவே செய்யாது. (மேசைப் போர்டில் இதைச் செய்ய வேண்டாம், பிறகு உங்களாலும் நிறுத்த முடியாது.)

‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரிக்குப் பிறகு மௌனம் என்றால் டிடிபி தவறு, அல்லது கொன்சோல் பெயர் தவறு. பழைய ஓமாப் டிரைவரில் அது டிடிவைஓ0, இப்போதைய 8250 டிரைவரில் டிடிவைஎஸ்0. கெர்னல் கட்டளைவரியில் ஏர்லிகொன் (தொடக்கத்திலேயே செய்தி காட்டும் தெரிவு) சேர்த்துப் பாருங்கள். ‘ரூட் எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லை’ என்ற பேனிக் (கெர்னல் மீள முடியாமல் நின்றுபோவது) என்றால் எம்எம்சிபிஎல்கே0 என்பது எம்எம்சிபிஎல்கே1 ஆகியிருக்கும். எண்ணை விட்டுவிட்டு பார்ட்யூயூஐடி (பகுதியின் மாறாத அடையாளம்) கொண்டு ரூட்டைச் சொல்லுங்கள். எல்லாம் எழும்பி ஈதர்நெட் மட்டும் இல்லை என்றால், இந்தப் போர்டில் பலருக்குத் தெரிந்த குறை அது: மின்சாரம் வரும்போது ஈதர்நெட் பிஎச்வை சிப் சில வேளை சரியாக ரீசெட் ஆவதில்லை. மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் சரியாகும். ஈதர்நெட்டையே நம்பியிருக்கும் இடத்தில் மின்சாரத்தை வெட்டிக் கொடுக்கும் ரிலே ஒன்று தேவை.

கரண்டு போனா தேதி பின்னால போயிடுது. டிஎஸ்3231 போட்டும் சரியாகல.

போர்டின் உள்ளே இருக்கும் ஆர்டிசிக்கு (கடிகாரத்துக்கு) பற்றரி இல்லை. தேதி பிழையானால் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் செல்லாது, தரவும் சேர்வருக்குப் போகாது. டிஎஸ்3231 (வெளிக் கடிகாரச் சிப்) போட்டது சரி. ஆனால் உள் ஆர்டிசி முதலில் பதிவாகி ஆர்டிசி0 என்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கெர்னல் எழும்பும்போது நேரத்தை அந்த ஆர்டிசி0 இலிருந்துதான் எடுக்கிறது. டிவைஸ் டிரீயின் அலயசஸ் பகுதியில் ஆர்டிசி0 என்பது டிஎஸ்3231 (ஐ2சி முகவரி 68 ஹெக்ஸ்) என்றும், ஆர்டிசி1 என்பது உள் ஆர்டிசி என்றும் எழுதுங்கள். டிரைவரின் பெயர் ஆர்டிசி டிஎஸ்1307. அதை மொடியூலாக அல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டுங்கள்.

மழைமானி ஒரு தட்டுக்கு ரெண்டு எண்ணுது. மழையே இல்லாத நாள்லயும் எண்ணுது.

சாயும் வாளியில் உள்ள ரீட் சுவிட்ச் ஒருமுறை மூடும்போது சில மில்லிசெக்கன்ட் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் ஓர் இன்டரப்ட். ஏஎம்335எக்ஸ் ஜிபிஐஓவில் வன்பொருள் டிபவுன்ஸ் (துள்ளலை வடிகட்டல்) உண்டு: 31 மைக்ரோசெக்கன்ட் படிகளில் 256 படி, அதாவது அதிகபட்சம் 8 மில்லிசெக்கன்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரம் 32 கோடுகள் கொண்ட பேங்க் முழுவதற்கும் பொது என்பதுதான் பொறி. அதே பேங்கில் வேறு டிரைவர் வேறு மதிப்பைப் போட்டால் உங்களுடையது போய்விடும். 5.10 முதல் புதிய ஜிபிஐஓ இடைமுகத்திலும் டிபவுன்ஸ் கேட்கலாம். எத்தனை மில்லிசெக்கன்ட் கிடைக்கும் என்பது டிரைவரைப் பொறுத்தது. வாளி சாய்ந்து திரும்ப எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் 20 மில்லிசெக்கன்ட் ஒன்றுமில்லை.

மழையில்லா நாள் எண்ணிக்கை வேறு நோய். கம்பி நீளமாகவும் புல்அப் (கோட்டை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் தடை) பலவீனமாகவும் இருந்தால் தூரத்து மின்னலும் எண்ணப்படும். உள் புல்அப்பை நம்பாமல் வெளியே 4.7 கிலோஓம் போடுங்கள், முறுக்கிய கம்பி இழுங்கள். மண்சரிவு எச்சரிக்கைக்கு உதவ வேண்டிய எண்ணிக்கை இது. மென்பொருளில் தட்டிக்கழிக்கக் கூடாது.

புது கெர்னல் போட்ட பிறகு ஜிபிஐஓ எண் எல்லாம் மாறிப்போச்சு.

சிஸ்எஃப்எஸ் வழியாக எண்ணைக் கொண்டு பின்னைத் திறந்திருப்பீர்கள். அந்த எண் நிரந்தரம் என்று கெர்னல் எப்போதும் வாக்குக் கொடுக்கவில்லை. ராஸ்பெரி பையின் 6.6 கெர்னலில்கூட அது 512 இலிருந்து தொடங்கியது. டிவைஸ் டிரீயில் கோட்டுக்குப் பெயர் வைத்து லிப்ஜிபிஐஓடி நூலகம் கொண்டு பெயரால் திறங்கள்.

தூரத்துல இருக்கிற போர்டுக்குப் புது கெர்னல் அனுப்பப் பயமா இருக்கு. எப்படி அனுப்புறது?

பயம் நியாயமானது. திரும்பும் வழி இல்லாமல் அனுப்பவே வேண்டாம். ஈஎம்எம்சியை மூன்றாகப் பிரியுங்கள்: ஏ, பி என்று இரண்டு முழு சிஸ்டம், மூன்றாவதில் தரவு. இரண்டு சிஸ்டம் பகுதிகளும் வாசிப்புக்கு மட்டும். ஏ ஓடும்போது புதியதை பி மேல் எழுதி, யூபூட்டில் அப்கிரேட் அவெய்லபிள் மதிப்பை 1 ஆக்கி, பூட்லிமிட் 3 என்று வைத்து ரீபூட் செய்யுங்கள். ஒவ்வொரு பூட்டிலும் பூட்கவுன்ட் ஒன்று ஏறும். மூன்றைத் தாண்டினால் யூபூட் ஆல்ட்பூட்சிஎம்டி (மாற்று பூட் கட்டளை) வழியாக ‘ஏ’ பகுதிக்குத் திரும்பும். ரௌக், எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற அப்டேட் கருவிகளும் இதுபோன்ற ஏ, பி ஏற்பாட்டோடு வேலை செய்யும்.

எண்ணிக்கையை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏஎம்335எக்ஸில் ஆர்டிசியின் ஸ்கிராட்ச் ரெஜிஸ்டரில் வைக்கலாம், ஆனால் மின்சாரம் போனால் அது அழியும். மின்வெட்டு உள்ள இடத்தில் யூபூட் என்விரொன்மென்டில் வையுங்கள். அதற்கும் இரண்டு பிரதி இருக்கட்டும், எழுதும்போது கரண்டு போனாலும் ஒன்று மிஞ்சும். எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவது பூட் முடிந்ததும் அல்ல. சென்சர் வாசித்து, தரவு சேர்வருக்குப் போய், பதிலும் வந்த பிறகுதான். மொடம் டிரைவர் உடைந்த கெர்னலும் நன்றாகவே பூட் ஆகும், உங்களோடு பேசாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் போர்டு தானாக ரீபூட் ஆனால்தான் பலிக்கும். கெர்னல் கட்டளைவரியில் பேனிக் மதிப்பு 10 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் இயல்பாக அது அப்படியே உறைந்து நிற்கும். உறைந்துபோகும் மற்ற வகைகளுக்கு வோட்ச்டோக்: ஓமாப் டிரைவரின் இயல்பு நேரம் 60 செக்கன்ட். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கும் நிரல்) அதைக் கையில் எடுக்கும்வரை இடைவெளி விடாமலிருக்க ஏர்லி எனேபிள் மதிப்பை 1 ஆக்குங்கள். யூபூட்டை மட்டும் தூரத்திலிருந்து மாற்ற வேண்டாம். அதற்குக் கீழே பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

எப்ப அனுப்புறது நல்லது?

மேற்குச் சரிவில், ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் நல்லது. பதுளைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி மழை. ஜூன், ஜூலை நல்லது. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி எங்கும் உண்டு, யாருக்கும் அனுப்ப வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அமுலில் இருக்கும்போது அந்தப் பிரதேசத்துப் போர்டைத் தொடவே கூடாது, பாதுகாப்புத் திருத்தமாக இருந்தாலும். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மழை பெய்யும் இரவில் அளவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அனுப்பும்போது முதலில் கைக்கெட்டும் ஒரு போர்டு, ஒரு வாரம், பிறகு மற்றவை.

பேனிக் ஆகி ரீபூட் ஆகுது, காரணம் எங்கயும் பதிவாகல.

பேனிக் நேரத்தில் ஈஎம்எம்சியில் எழுத முடியாது. ராமூப்ஸ் போடுங்கள்: டிவைஸ் டிரீயில் ரேமின் ஒரு சிறு பகுதியை, 1 எம்பி போதும், ஒதுக்கி வைத்தால் கெர்னல் கடைசி வரிகளை அங்கே எழுதும். ரீபூட்டுக்குப் பிறகு பிஸ்டோர் அடைவில் வாசிக்கலாம். யூபூட் அந்த இடத்தைத் தொடாத முகவரியாகப் பாருங்கள். மின்சாரம் போனால் இதுவும் போகும், ஆகவே சிஸ்டம்டி பிஸ்டோர் சேவை உடனே தரவுப் பகுதிக்கு நகர்த்தட்டும்.

சிவிஇ தினமும் வந்துகிட்டே இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்கணுமா?

வேண்டாம். 2024 பெப்ரவரி முதல் கெர்னல் குழுவே சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்கான பொது அடையாள எண்) வழங்குகிறது. பாதுகாப்போடு தொடர்புபடக்கூடிய திருத்தம் ஒவ்வொன்றுக்கும் எண் கிடைப்பதால் எண்ணிக்கை பெருகியது. தனித்தனியாகப் பொறுக்கினால் ஒன்று மற்றொன்றில் தங்கியிருப்பது தெரியாமல் பாதியைத்தான் எடுப்பீர்கள். நிலைப் பதிப்பை (திருத்தங்கள் சேர்ந்து வரும் 6.6.30 போன்றதை) முழுதாக எடுங்கள். நடுவில் அவசரமானது வந்தால் முதலில் கொன்ஃபிக்கைப் பாருங்கள்: புளூடூத் கட்டவே இல்லையென்றால் புளூடூத் ஓட்டை உங்களுடையது அல்ல. வேண்டாததை நீக்கச் சொன்னதன் பலன் இங்கேதான் தெரியும்.

எங்க சொந்த டிரைவர் பதிப்பு மாறும்போதெல்லாம் உடையுது. பயனர் நிரல் உடையலையே, ஏன்?

பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் கண்டிப்பான விதி. உள்ளே உள்ள இடைமுகங்களுக்கு அப்படி ஒரு வாக்கும் இல்லை. 6.1 இல் ஐ2சி ரிமூவ் சார்பு மதிப்பு எதையும் திருப்பித் தராததாக மாறியது. 6.3 இல் ஐ2சி புரோப் ஒரே ஆர்கியுமென்ட் ஆனது. 6.4 இல் கிளாஸ் கிரியேட் தன் ஓனர் ஆர்கியுமென்டை இழந்தது. 6.5 இல் 32 பிட் ஏஆர்எம் டிடிஎஸ் கோப்புகள் கம்பனிவாரி அடைவுகளுக்குப் போயின. பீகிள்போனுடையவை டிஐ அடைவின் கீழ் ஓமாப் அடைவில் இருக்கின்றன.

டிரைவர் மெயின்லைனுக்குள் இருந்திருந்தால் மாற்றியவரே அதையும் திருத்தியிருப்பார். அதற்கும் முன், அந்த டிரைவர் தேவைதானா என்று பாருங்கள். வெப்பமானி, ஈரமானி, முடுக்கமானி பலவற்றுக்கு கெர்னலின் ஐஐஓ (சென்சர்) பகுதியில் டிரைவர் ஏற்கெனவே இருக்கும். டிவைஸ் டிரீயில் நாலு வரி போதும்.

நேற்று வரைக்கும் வேலை செஞ்சது, புதுப் பதிப்புல இல்ல. எந்த மாற்றம்னு கண்டுபிடிக்க முடியுமா?

கிட் பைசெக்ட். இரண்டு பெரிய பதிப்புகளுக்கிடையே சுமார் 14,000 கொமிட் இருந்தாலும் ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழிவதால் 14 சோதனையில் முடியும். நிலைப் பதிப்பின் இரண்டு படிகளுக்கிடையே என்றால் ஏழெட்டே போதும். கம்பைல் ஆகாத கொமிட்டில் ஸ்கிப் சொல்லுங்கள். சில நேரம் மட்டும் வரும் பிழை என்றால் ‘நல்லது’ என்று சொல்லுமுன் பல தடவை பூட் செய்து பாருங்கள்; ஒரே ஒரு தவறான ‘நல்லது’ மிச்சத் தேடலையெல்லாம் வீணாக்கும்.

புது டொங்கிள் வாங்கினோம். எல்எஸ்யூஎஸ்பில தெரியுது, டிடிவையூஎஸ்பி வரல.

முதலில் அது சீடி டிரைவாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் தேவை. இல்லையென்றால் அதன் அடையாள எண் ‘ஒப்ஷன்’ என்ற மொடம் டிரைவரின் பட்டியலில் இல்லை. டிரைவரை ஏற்றி, அதன் நியூ ஐடி கோப்பில் இரண்டு எண்ணையும் எழுதிப் பாருங்கள். வேலை செய்தால் தேவைப்படுவது ஒரே வரிப் பேட்ச்.

அந்த ஒரு வரியை நாங்களே அனுப்பலாமா? எடுத்துக்குவாங்களா?

எடுப்பார்கள். அடையாள எண் சேர்க்கும் பேட்ச்கள் நிலைப் பதிப்புகளுக்கும் போகும் வகை. மாற்றத்தை அண்மை மெயின்லைன் மேல் செய்யுங்கள். விளக்கத்தில் எல்எஸ்யூஎஸ்பி தரும் இடைமுக விவரத்தைச் சேருங்கள். எந்த இடைமுகம் ஏடி (மொடம் கட்டளை), எது நெட்வேர்க் என்று சொல்லுங்கள், நெட்வேர்க் இடைமுகத்தை ஒப்ஷன் பிடிக்காமல் ஒதுக்க அது தேவை. வரி 75 எழுத்துக்குள். அநாமதேயமாக அல்லாமல், நீங்கள் அறியப்படும் பெயரில் சைன்ட் ஓஃப் பை. பழைய கொமிட் ஒன்றின் பிழையைத் திருத்துவதாக இருந்தால் ஃபிக்சஸ் வரியில் அதன் ஹாஷின் முதல் 12 எழுத்து.

செக்பேட்ச் ஓட்டி, கெட் மெயின்டெய்னர் காட்டும் முகவரிகளுக்கு கிட் சென்ட் இமெயில் மூலம் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். மின்னஞ்சல் செயலியில் ஒட்டினால் டேப் எல்லாம் இடைவெளியாகிப் பேட்ச் ஒட்டாது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால் வி2 என்று அனுப்பி, மாறியதை மூன்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள்.

6.12ல ரியல்டைம் வந்திருச்சாமே, நம்ம போர்டுல போடலாமா?

6.12 இல் ரியல்டைம் (குறித்த நேரத்துக்குள் பதில் தரும் உறுதி) மெயின்லைனில் இயங்குவது எக்ஸ்86, 64 பிட் ஏஆர்எம், ரிஸ்க்-வி ஆகியவற்றுக்கு. கோர்டெக்ஸ்-ஏ8 32 பிட். வெளிப் பேட்ச் போட்டுக் கொண்டுவரலாம், ஆனால் மழைமானிக்கும் வாட்டும் தொட்டிக்கும் அது தேவையே இல்லை.